குமரி மழைக்கு எந்தப் புரூடர்? கடையில் வாங்கிய பெட்டியும் வீட்டில் கட்டிய கூடும்

கோழிக்குஞ்சுக்குப் புரூடர், அதாவது தாய்க்கோழி இல்லாத குஞ்சைச் சூடாக வைத்து வளர்க்கிற கூடு, போடுவது எப்படி என்று யூடியூபில் தேடினால் வரிசையாக நாமக்கல், பல்லடம், ஈரோடு பக்கத்து ஆட்கள்தான் வருவார்கள். கோழி விஷயத்தில் அவர்களுக்கு நாம் சொல்லிக்கொடுக்க ஒன்றும் இல்லை. ஆனால் அவர்கள் ஊர்க்காற்று காய்ந்த காற்று. இங்கே கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம், திருவட்டார், அருமனை பக்கம் இடவப்பாதியில், அதாவது வைகாசி நடுவில், பிடிக்கிற மழை ஆடிச் சாரலாக இழுத்து, கொஞ்சம் விட்டதுபோல் விட்டு, ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பக்கமாகத் திரும்பி வந்து நிற்கும். துணி காயாது, தீப்பெட்டி உரசினால் பற்றாது. அந்த வீடியோவில் சொன்னதை அப்படியே இங்கே கொண்டுவந்து வைத்தால் சூடெல்லாம் சரியாகத்தான் இருக்கும், குஞ்சுகள் மட்டும் ஒவ்வொன்றாகத் தலையைத் தொங்கப்போடும். நம்ம மாவட்டத்தில் புரூடருக்கு முதல் எதிரி ஈரம், குளிரெல்லாம் அதற்கு அப்புறம்தான். அதை வைத்துத்தான் கீழே ஒவ்வொரு சாமானுக்கும் நல்லது கெட்டது சொல்லியிருக்கிறேன். தோவாளைக்கு அந்தப் பக்கம் மழை குறைந்த இடத்தில் இருப்பவர்கள் கொஞ்சம் கூட்டிக் குறைத்து எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒப்பிட வசதியாக இரண்டும் ஒரே சமயத்தில் ஓடின. மைனி, அதாவது அண்ணி, ரெடிமேட் பெட்டி ஒன்று வாங்கினார், நான் வீட்டில் கூடு கட்டினேன். ஒரே பேட்ச் நாட்டுக்கோழிக் குஞ்சு, ஐம்பது அங்கே, ஐம்பது இங்கே.

முதலில் பெட்டி. பிளைவுட், நான்கடி நீளம், இரண்டடி அகலம், முன்னால் கண்ணாடிக் கதவு, மேலே இரண்டு பல்பு ஹோல்டர், அடியில் கம்பி வலை, வலைக்குக் கீழே எச்சம் விழ இழுத்து எடுக்கிற தகரத் தட்டு. விலை 4,500, வண்டிக்கூலி தனி. கடை பெயர் வேண்டாம், இதே அச்சில் பல பேர் அடித்து விற்கிறார்கள். பார்த்த உடனே பிடித்துவிடும், அதில் சந்தேகமே இல்லை. எலி ஏறாது, பூனை உள்ளே கை விட முடியாது, வீட்டுக்குள்ளேயே வராந்தாவில் வைத்துக்கொள்ளலாம். எச்சம் வலை வழியாகக் கீழே போய்விடுவதால் குஞ்சு அதைக் கொத்தித் தின்ன வழியில்லை, ஆகவே ரத்தக்கழிச்சல் பயம் குறைவு. கரண்டு போனாலும் உள்ளே சூடு கொஞ்ச நேரம் நிற்கும். இதெல்லாம் உண்மையான நன்மைகள், மறுக்கவில்லை.

அப்புறம் கணக்குப் பார்க்க வேண்டும். நான்குக்கு இரண்டு என்றால் எட்டு சதுர அடி. முதல் வாரத்தில் ஒரு குஞ்சுக்குக் கால் சதுர அடியாவது வேண்டும். அதன்படி இந்தப் பெட்டி முப்பது, முப்பத்திரண்டு குஞ்சுக்குத்தான் சரி, அதுவும் முதல் வாரத்துக்கு. ‘ஐம்பது குஞ்சு வரை வைக்கலாம்’ என்று சொல்லித்தான் விற்றார்கள். வைக்கலாம், அடுக்கியும் வைக்கலாம். இரண்டாவது வாரத்தில் இறகு முளைக்க ஆரம்பித்ததும் ஒன்றின் முதுகில் ஒன்று ஏறி நிற்கும், வால் பக்கம் கொத்த ஆரம்பிக்கும்.

இடத்தைவிடப் பெரிய குறை காற்று. மேலே பக்கத்துக்கு ஒன்றாக ரூபாய்க் காசு அளவில் இரண்டே ஓட்டை. ஐம்பது குஞ்சு விடுகிற மூச்சும், தண்ணீர்க் குவளையிலிருந்து எழுகிற ஆவியும், கீழே தட்டில் கிடக்கிற எச்சத்தின் ஈரமும் எங்கே போகும்? ராத்திரி பார்த்தால் கண்ணாடியின் உள்பக்கம் வேர்த்து, துளி துளியாகச் சேர்ந்து, கோடு கோடாக வடிந்து, கதவின் அடிச்சட்டத்தில் தேங்கி நிற்கும். அந்த இடத்து பிளைவுட் விரலால் அழுத்தினால் அமுங்குகிற அளவுக்கு ஊறிவிட்டது. கதவைத் திறந்தால் அமோனியா நெடி கண்ணில் அடிக்கும். மைனி சொன்னதுதான் சரியான ரிவ்யூ: “பாக்கதுக்கு நல்லாத்தான் இருக்கு, மூக்க உள்ள விட முடியல்ல.”

இன்னொன்று, அந்தப் பெட்டிக்குள் எங்கே போனாலும் ஒரே சூடு. புரூடர் என்றால் நடுவில் சூடான இடம், தள்ளிப் போனால் குளிர்ந்த இடம், எது வேண்டுமோ அதைக் குஞ்சே தேர்ந்தெடுத்துக்கொள்ள வேண்டும். தாய்க்கோழியின் இறக்கைக்குள் போவதும் வெளியே வருவதும் அப்படித்தான். பெட்டியில் அதற்கு வழியில்லை. ஒரு பல்பு போட்டால் போதாது, இரண்டு போட்டால் மத்தியானம் எல்லாம் வாயைப் பிளந்துகொண்டு மூச்சு வாங்கும். சூட்டைக் கட்டுப்படுத்த தெர்மோஸ்டாட் கிடையாது. ஹோல்டர் பிளாஸ்டிக், 60 வாட் பல்பு இரவு பகலாக எரிந்ததில் பழுத்து நிறம் மாறிவிட்டது. கடைசியில் ஆசாரியை அழைத்துக் கண்ணாடியைக் கழற்றி வலை அடித்து, பக்கவாட்டில் மேல்மட்டத்தில் வரிசையாக ஓட்டை போட்டு, ஹோல்டரைப் பீங்கானாக மாற்றி, குஞ்சுகளையும் இரண்டாகப் பிரித்தபிறகுதான் ஒழுங்காக ஓடியது. இருபத்தைந்து குஞ்சு, இந்த மாற்றங்கள் எல்லாம் செய்வேன், வீட்டில் வேறு இடமே கிடையாது என்பவர்கள் வாங்கலாம். மற்றவர்களுக்கு அந்தக் காசில் பாதியில் வேலை முடியும்.

இனி வீட்டுக் கூடு. ரப்பர் ஷீட் அடிக்கிற மெஷின் இருந்த பழைய ஷெட், மெஷின் போன பிறகு சும்மா கிடந்தது. சிமெண்ட் தரை. நம்ம ஊர்ச் சிமெண்ட் தரையை நம்பாதீர்கள், மழைக்காலத்தில் அடியிலிருந்து ஈரம் ஏறிக்கொண்டே இருக்கும். ஆகவே முதலில் கெட்டியான பாலித்தீன் ஷீட், அதன் மேல் இரண்டு அங்குலத்துக்குக் குறையாமல் லிட்டர், அதாவது குஞ்சுக்குப் படுக்கையாகப் பரப்புகிற உமியோ மரச்சீவலோ. இந்த ஷீட் ஒன்று போட்டாலே பாதி வேலை முடிந்தது, இதை எந்த வீடியோவிலும் அழுத்திச் சொல்லிக் கேட்டதில்லை.

சுற்றுச்சுவருக்கு அட்டைப்பெட்டி வேண்டவே வேண்டாம். இரண்டு நாளில் நமுத்துத் தொய்ந்துவிடும், பூஞ்சை பிடிக்கும். தகரம் நல்லது, ஆனால் விளிம்பு கையைக் கிழிக்கும், விலையும் கூட. நான் எடுத்தது சன்பேக் ஷீட். கடைகளில் விளம்பரப் பலகைக்குப் போடுவார்களே, உள்ளே குழல் குழலாக இருக்கும், அது. ஈரம் குடிக்காது, கழுவலாம், வளையும். ஒன்றரை அடி உயரப் பட்டைகளாக வெட்டி, மொத்தம் இருபது அடி நீளம் வருகிற மாதிரி சேர்த்து வட்டமாக நிறுத்தினேன். வட்டம் என்பது அழகுக்கு இல்லை. மூலை இருந்தால் பயந்த குஞ்சுகள் எல்லாம் அதில் போய் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி, அடியில் இருப்பது மூச்சு முட்டிச் சாகும். நான்கடி குறுக்களவுள்ள வட்டத்துக்குப் பன்னிரண்டரை அடி ஷீட் போதும், அது பன்னிரண்டரை சதுர அடி தரும், ஐம்பது குஞ்சுக்குச் சரியாகக் கால் சதுர அடி வீதம். மிச்ச ஷீட்டை ஒன்றன்மேல் ஒன்றாக விட்டு, துணிக்குப் போடுகிற கிளிப்பால் பிடித்து வைத்தால் போதும், குஞ்சு வளர வளர கிளிப்பைக் கழற்றி வட்டத்தை அகலப்படுத்தலாம். முழு இருபது அடியையும் விரித்தால் ஆறடிக்கு மேல் குறுக்களவு வரும், குஞ்சுக்கு அரை சதுர அடிக்கு மேல் கிடைக்கும். பெட்டியை யாராவது இப்படி இழுத்துப் பெரிதாக்க முடியுமா? பல்புக்குப் பக்கத்தில் மட்டும் இந்த ஷீட்டை விடாதீர்கள், உருகும்.

சூடு. ஐம்பது குஞ்சுக்கு 100 வாட் என்பது பொதுவான கணக்கு, குஞ்சுக்கு 2 வாட். ஒரே 100 வாட் பல்பைவிட இரண்டு 60 வாட் நல்லது, ஒன்று பியூஸ் போனாலும் விடியும்வரை இன்னொன்று தாங்கும். குண்டு பல்பு கிடைப்பதுதான் இப்போது பெரும்பாடு. எல்லாக் கடையிலும் எல்.இ.டி.யை எடுத்து நீட்டுவார்கள், அது வெளிச்சத்துக்குத்தான் ஆகும், சூட்டுக்கு உதவாது. பழைய எலக்ட்ரிக்கல் கடைகளில், கேட்டால் உள்ளே இருந்து தூசி தட்டி எடுத்துத் தருவார்கள். நான் போன கடையில் அண்ணாச்சி, “கோழிக்கா? அத முதல்லயே சொல்லப்பிடாதா” என்றார்.

குண்டு பல்புக்கு நம்ம ஊரில் ஒரு ஆபத்து உண்டு. ஓட்டிலிருந்து ஒரு துளி மழைத்தண்ணீர் எரிகிற பல்பின் மேல் விழுந்தால் கண்ணாடி வெடித்துச் சிதறும். அதனால் பழைய அலுமினியச் சருவம் ஒன்றின் அடியில் ஓட்டை போட்டு, ஹோல்டரை உள்ளே விட்டுக் கவிழ்த்துத் தொங்கவிட்டேன். துளியையும் தடுக்கும், சூட்டையும் கீழே திருப்பிவிடும். சங்கிலியில் தொங்கவிடுங்கள், வயரில் தொங்கவிடாதீர்கள். லிட்டரிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் ஆரம்பித்து, அப்புறம் ஏற்றிக்கொண்டே போகலாம்.

செராமிக் ஹீட்டரும் வாங்கிப் பார்த்தேன், 100 வாட், ஆன்லைனில்தான் கிடைத்தது. வெளிச்சம் இல்லாமல் சூடு மட்டும் தரும், உழைக்கும். ஆனால் அது திருகு மாடல், நம்ம வீட்டுப் பின் ஹோல்டரில் மாட்டாது. பீங்கானில் திருகு ஹோல்டர் தனியாக வாங்க வேண்டும், பிளாஸ்டிக்கில் மாட்டினால் ஹோல்டர் உருகிவிடும். தொட்டால் கை வெந்துவிடும், குழந்தைகள் இருக்கிற வீட்டில் சுற்றி வலை போடுங்கள். முதல் மூன்று நான்கு நாளைக்கு குண்டு பல்புதான் என் தேர்வு, ராத்திரியும் வெளிச்சம் இருந்தால்தான் புதுக்குஞ்சு தீவனமும் தண்ணீரும் கண்டுபிடிக்கும். அதற்குப் பிறகு ராத்திரிக்கு செராமிக் நல்லது, இருட்டில் தூங்கும், கொத்துகிற பழக்கமும் வராது. ஆன்லைனில் ‘உடையாத’ பூச்சு போட்ட ஹீட் பல்பு என்று சில வருகின்றன. அந்தப் பூச்சு டெப்லான் வகை என்றால் தொடவே வேண்டாம். சூடேறும்போது அதிலிருந்து வருகிற புகை நமக்குத் தெரியாது, பறவையின் நுரையீரலைக் கொன்றுவிடும்.

கையிலிருக்கிற காசில் ஒரே ஒரு நல்ல சாமான்தான் வாங்க முடியும் என்றால் எஸ்.டி.சி. 1000 என்கிற, சூட்டைப் பார்த்துப் பல்பைத் தானாகப் போட்டு அணைக்கிற கண்ட்ரோலரை வாங்குங்கள். எனக்கு ஐந்நூறு ரூபாய் சுமாருக்குக் கிடைத்தது. இதில் சூட்டுக்கு ஒரு சுவிட்ச், குளிருக்கு ஒரு சுவிட்ச் என்று இரண்டு இருக்கிறது, அதுதான் விசேஷம். வைரிங்கில் பலரும் குழம்புவது ஒரே இடத்தில்: 1, 2 கரண்டு வருவது, 3, 4 சென்சார், 5, 6 ஹீட்டர், 7, 8 குளிர்ப்பு. இந்த 5, 6-லிருந்து கரண்டு தானாக வெளியே வராது, அது வெறும் சுவிட்ச்தான். பல்புக்குப் போகிற லைனை அதன் வழியாக விட்டு எடுக்க வேண்டும். தெரியாதவர்கள் எலக்ட்ரீஷியனிடம் கொடுங்கள், ஈரத் தரையில் நின்றுகொண்டு விளையாடுகிற விஷயம் கிடையாது. அதன் செட்டிங்கில் எஃப்1-ல் வேண்டிய சூடு, எஃப்2-ல் எத்தனை டிகிரி இறங்கினால் மறுபடி போட வேண்டும் என்பது. அரை டிகிரியில் விட்டால் பல்பு நிமிஷத்துக்கு நிமிஷம் எரிந்து அணைந்து இழை போய்விடும், ஒன்றரை, இரண்டு டிகிரி கொடுங்கள்.

7, 8-ல் கம்ப்யூட்டருக்குள் இருக்குமே, அந்தச் சின்ன ஃபேனை அதன் அடாப்டரோடு மாட்டி, ஷெட் சுவரில் உயரத்தில், உள்ளே இருக்கிற காற்றை வெளியே தள்ளுகிற மாதிரி வைத்தேன். குஞ்சு மேல் காற்று படக்கூடாது. வெயில் சுள்ளென்று அடித்துவிட்டு உடனே மழை கொட்டுகிற நம்ம ஊர் மத்தியானங்களில் இந்த ஃபேன் செய்த உபகாரம் பல்பு செய்யவில்லை.

சென்சாரைப் பல்புக்கு நேர் அடியில் போட வேண்டாம், சருவத்தின் விளிம்புக்கு நேராக, லிட்டருக்கு இரண்டு அங்குலம் மேலே, குஞ்சின் முதுகு மட்டத்தில் தொங்க வேண்டும். அதன் கறுப்பு முனையைக் குஞ்சுகள் தீனி என்று நினைத்துக் கொத்தும், ஓட்டை போட்ட சின்ன பி.வி.சி. துண்டுக்குள் விட்டுவிடுங்கள்.

சூட்டுக் கணக்கு எல்லாரும் சொல்வதுதான்: முதல் வாரம் 35 டிகிரி, பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி வீதம் குறைத்து 32, 29, 26. ஆனால் நம்ம சமவெளியில் மழைக்கால ராத்திரியிலும் 22, 23-க்குக் கீழே இறங்குவது அபூர்வம். ஆகவே மூன்றாவது வாரத்தில் பகலில் பல்பு பெரும்பாலும் அணைந்தே கிடக்கும், நான்காவது வாரத்தில் ராத்திரிக்கு மட்டும். மலையடிவாரத்தில் சாரல் விடாமல் அடிக்கிற நாளில் கொஞ்சம் கூட வேண்டியிருக்கும், அவ்வளவுதான். இரண்டு 60 வாட் நாள் முழுக்க எரிந்தாலே மூன்று யூனிட்டுக்குக் கீழேதான், கண்ட்ரோலர் இருந்தால் அதுவும் வராது.

டிஸ்பிளேயில் என்ன எண் இருந்தாலும் கடைசியில் பார்க்க வேண்டியது குஞ்சைத்தான். எல்லாம் பல்புக்கு அடியில் குமிந்து கூர்மையாகக் கத்தினால் குளிர். ஷீட் ஓரமாக ஒதுங்கி, இறக்கையைத் தொங்கவிட்டு வாயைப் பிளந்தால் சூடு. எல்லாம் ஒரே ஒரு பக்கமாகப் போய் ஒட்டி நின்றால் எதிர்ப்பக்கம் எங்கிருந்தோ காற்று வருகிறது, கையை நனைத்து அந்தப் பக்கம் பிடித்துப் பாருங்கள், தெரியும். அங்கொன்று இங்கொன்றாகப் படுத்து, கழுத்தை நீட்டித் தரையில் போட்டுத் தூங்கினால் சரி. முதல்முறை பார்ப்பவர்கள் செத்துவிட்டது என்று பதறுவார்கள். தூங்குகிறது.

இப்போது லிட்டர், இதைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. நம்ம மாவட்டத்தில் மூன்று கிடைக்கும்: சகிரி கழிவு என்கிற தென்னை நார்த்தூள், உமி, ரப்பர் மரத்தூள். நார்த்தூள் சும்மா கிடைக்கிற இடமெல்லாம் உண்டு, அதனால் எல்லாரும் அதைத்தான் அள்ளிப் போடுகிறார்கள். காய்ந்திருந்தால் அருமையான சரக்கு, தன் எடையைப் போல் பல மடங்கு தண்ணீரைக் குடிக்கும். பங்குனி சித்திரையில் மொட்டைமாடியில் காயவைத்துப் போட்டால் வேறொன்றும் வேண்டாம். மழைக்காலத்தில் அதே குணம்தான் வினை, காற்றில் இருக்கிற ஈரத்தையும் குடித்துக் கனத்துக் கிடக்கும், மறுபடி காயவைக்க வெயில் கிடையாது. ரப்பர் மரத்தூள் இன்னும் மோசம். ரப்பர் மரம் பூஞ்சைக்கு விருந்து, அறுத்துப் போட்ட பலகையே கவனிக்காவிட்டால் நீலம் பாய்ந்துவிடும், தூளைக் கேட்கவா வேண்டும். போரிக் மருந்து ஏற்றிய மரத்தின் தூளும் மில்லில் கலந்து கிடக்கும், கேட்டு வாங்குங்கள். பூஞ்சை பிடித்த லிட்டரிலிருந்து கிளம்புகிற வித்துக்கள் குஞ்சின் நுரையீரலில் போய்ப் பிடிக்கும், அஸ்பெர்ஜில்லோசிஸ், பண்ணைக்காரர்கள் புரூடர் நிமோனியா என்பார்கள். மூச்சுக்குத் திணறும், சத்தம் கூட வராது, ஒவ்வொன்றாகப் போகும். குளிர் என்று நினைத்து இன்னொரு பல்பு போடுவார்கள். மருந்தும் பெரிதாகக் கிடையாது.

ஆகவே மழைக்கு என் ஓட்டு உமிக்கு. தண்ணீரை அவ்வளவு உறிஞ்சாது என்பது குறைதான், ஆனால் கிளறிவிட்டால் உடனே காயும், கட்டி பிடிக்காது. கன்னிப்பூ, கும்பப்பூ அறுப்பு முடிந்த சமயம் நாஞ்சில்நாட்டு மில்களில் புது உமி கிடைக்கும், இரண்டு மூடை வாங்கி உயரத்தில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். தச்சுப்பட்டறையில் இழைத்த மரச்சீவல், அதுவும் மருந்தேற்றாத பழைய தேக்கு, பலா என்று கிடைத்தால் உமியைவிட நல்லது, ஆனால் அளவுக்குக் கிடைக்காது. முதல் இரண்டு மூன்று நாள் லிட்டர் மேல் சாக்கு விரியுங்கள். வழவழ நியூஸ்பேப்பரில் குஞ்சுக்குக் கால் வழுக்கி, இரண்டு பக்கமும் விரிந்து போய்விடும், அப்படியே நொண்டியாகும்.

லிட்டர் சரியா இல்லையா என்று பார்க்க ஒரு கை அள்ளி இறுக்கிப் பிடித்துத் திறங்கள். உதிர்ந்துவிட்டால் சரி. உருண்டையாக நின்றால் ஈரம் அதிகம், அன்றைக்கே கிளறுங்கள் அல்லது மாற்றுங்கள். நின்றுகொண்டு முகர்ந்து பார்த்துப் பிரயோஜனமில்லை, குந்தி உட்கார்ந்து குஞ்சின் மூக்கு இருக்கிற உயரத்தில் முகர வேண்டும்.

ஈரம் எங்கிருந்து வருகிறது என்று கவனித்தால் பெரும்பகுதி தண்ணீர்க் குவளைதான். சிவப்பு அடித்தட்டு வைத்த அந்தப் பிளாஸ்டிக் குவளையைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்கு உமி நனைந்து, மிதிபட்டு, எச்சம் சேர்ந்து அடை தட்டிப்போகும். அதைக் கத்தியால் நெம்பி எடுத்தால் அடியில் வெள்ளையாகப் பூஞ்சை நூல் ஓடியிருக்கும், ரத்தக்கழிச்சலும் அந்த வட்டத்தில்தான் உற்பத்தி. இதற்கு ஒரு பழைய தட்டு, அதன் மேல் அரை அங்குல வலைத் துண்டு, அதன் மேல் குவளை. சிந்துவது தட்டில் விழும். ஒரு வாரம் ஆனதும் கொத்தினால் மட்டும் சொட்டு விடுகிற நிப்பிள் மாட்டிய வாளிக்கு மாறிவிட்டேன், லிட்டர் காய்ந்துபோனது. குவளை வைப்பவர்கள் முதல் சில நாள் தட்டில் கூழாங்கல் போடுங்கள், விழுந்து நனைகிற குஞ்சு பிழைக்காது. தீவனத்தையும் மழைக்காலத்தில் மொத்தமாக வாங்கி வைக்காதீர்கள், மக்காச்சோளம் சேர்ந்த தீவனம் கட்டி தட்டினால் அஃப்லாடாக்ஸின் என்கிற பூஞ்சை நஞ்சு வரும், விலை குறைகிறது என்று மூடை வாங்கினால் குஞ்சுதான் அதற்கு விலை கொடுக்கும்.

எலி, மரநாய், கீரி, சாரைப்பாம்பு எல்லாம் ரப்பர் தோட்டத்து ஓரத்தில் சாதாரணம். அறுகோணக் கோழிவலை கோழியை உள்ளே நிறுத்தும், பாம்பை வெளியே நிறுத்தாது. அரை அங்குல வெல்ட் மெஷ்தான் வேண்டும், வட்டத்தின் மேலே மூடி மாதிரி ஒன்று, ஷெட் ஜன்னலுக்கு ஒன்று. செலவில் பெரிய பங்கு இதற்குத்தான் போனது, போகட்டும்.

கரண்டு. காற்றடித்து ரப்பர்க் கொம்பு லைனில் விழுந்தால் எப்போது வரும் என்று யாரும் சொல்ல முடியாது. இன்வெர்ட்டர் இருந்து பாட்டரி நல்ல நிலையில் இருந்தால் கவலையில்லை, ஒரு பல்பை மட்டும் அதில் கொடுத்தால் ராத்திரி ஓடிவிடும். இல்லாதவர்கள் மண்பானையில் சிரட்டைக்கரி கனல் போட்டு நடுவில் வைப்பது பழைய வழக்கம், நன்றாகவே வேலை செய்யும், ஆனால் ஷெட்டை மூடிக்கொண்டு செய்தால் கரிப்புகை குஞ்சை மட்டுமல்ல, பக்கத்தில் காவல் படுத்திருக்கிற ஆளையும் சேர்த்து அனுப்பிவிடும். எனக்குப் பிடித்தது எவர்சில்வர் குடம். வெந்நீர் ஊற்றி, வாயை இறுக மூடி, பழைய துண்டு சுற்றி நடுவில் நிறுத்தினால் குஞ்சுகள் தாமாக வந்து ஒட்டிப் படுத்துக்கொள்ளும். ஆற ஆற மாற்ற வேண்டும், தூக்கம் போகும், மற்றபடி தீயும் இல்லை புகையும் இல்லை.

தடுப்பூசியைப் புரூடர் ரிவ்யூவில் சொல்லக் காரணம், கூடு எவ்வளவு நன்றாக இருந்தாலும் வெள்ளைக்கழிச்சல் (ராணிகெட் நோய்) வந்தால் மிஞ்சாது. ஐந்திலிருந்து ஏழு நாளுக்குள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு. பாட்டிலில் நூறு டோசுக்குக் குறையாமல் வரும், கலக்கினால் ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும், ஆகவே பக்கத்து வீடுகளோடு பேசி ஒரே நேரத்தில் போட்டுக்கொள்வது லாபம். மைனியும் நானும் அப்படித்தான் செய்தோம்.

மொத்தச் செலவு, கண்ட்ரோலர், பல்பு, பீங்கான் ஹோல்டர், சன்பேக், வலை எல்லாம் சேர்த்து இரண்டாயிரத்தை ஒட்டி வந்தது, செராமிக் ஹீட்டர் தனி. உமிக்கும் சருவத்துக்கும் காசில்லை. அடுத்த பேட்சுக்கு ஷீட்டைக் கழுவிக் காயவைத்தால் போதும். கூட்டுக்குக் குறை இல்லாமல் இல்லை: இடம் தின்னும், தினமும் ஆள் பார்க்க வேண்டும், லிட்டரைக் கிளறாமல் இரண்டு நாள் கல்யாணத்துக்குப் போய் வர முடியாது. பெட்டியில் அந்தத் தொல்லை குறைவு, தட்டை இழுத்துக் கொட்டினால் வேலை முடிந்தது. வேலைக்குப் போகிறவர்கள் அதையும் யோசித்து முடிவெடுங்கள். பிவி 380 மாதிரி முட்டைக்கோழி வாங்குபவர்கள் பெரும்பாலும் ஒன்றரை மாதம் தாண்டிய குஞ்சாகவே வாங்குகிறார்கள், அவர்களுக்கு இந்தப் பாடே இல்லை.

பத்துப் பன்னிரண்டு குஞ்சுதான் என்றால் பெட்டியும் வேண்டாம், கூடும் வேண்டாம். நான் கண்ட்ரோலர் வைரிங்கோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டுப் பாட்டி கேட்டார்: “அடக்கோழிக்கு கரண்டு போவுமா மக்கா?” நியாயமான கேள்வி. வீட்டில் அடையில் இருக்கிற கோழி இருந்தால், கடையில் வாங்கிய ஒரு நாள் குஞ்சுகளை நன்றாக இருட்டிய பிறகு வெளிச்சம் காட்டாமல் ஒவ்வொன்றாக அதன் வயிற்றுக்கு அடியில் தள்ளி, அடியிலிருக்கிற முட்டையை எடுத்துவிடுங்கள். விடியும்போது ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும். கொக்கொக்கென்று கூப்பிட்டுத் தீனி காட்டினால் ஏற்றுக்கொண்டுவிட்டது. தலையில் கொத்தினால் உடனே பிரித்து எடுத்துவிடுங்கள், எல்லாக் கோழியும் ஏற்காது. குஞ்சுக்கு வயது கூடக் கூட இது கடினம், குஞ்சுக்கே தாய் என்கிற நினைப்பு போய்விட்டால் அடியில் நிற்காது.